கௌரவ ஊழியம்: யாருக்குக் கௌரவம்?

எங்கள் சபையின் அடக்கப் பதிவேட்டில் ஒரு பொய் இருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதியதல்ல. வழக்கம் எழுதிய பொய்.

2021 நவம்பரில் பூண்டி ஏரியின் உபரி நீர் கொசஸ்தலையாற்றில் திறந்துவிடப்பட்டபோது மணலி புதுநகருக்குள் தண்ணீர் புகுந்தது. 2015-ஐப் பார்த்தவர்கள் முதல் நாளே அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டோம். எங்கள் சபைக் கட்டடம் கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் நின்றபோது அங்கேதான் நாற்பது குடும்பங்கள் படுத்தன. அதில் பாதிப் பேர் சர்ச்சுக்கு வருகிறவர்கள் இல்லை. கஞ்சி காய்ச்சினோம், மாத்திரை தேடினோம், கர்ப்பிணிப் பெண் ஒருத்தியைப் படகில் ஏற்றி அனுப்பினோம். ஆயர் வரவில்லை. வர முடியவில்லை என்று எழுதுவதுதான் நியாயம். அவருக்கு எங்களோடு சேர்த்து நான்கு சபைகள், அவர் குடியிருக்கும் இடத்திலும் வெள்ளம். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

மூன்றாம் நாள் இரவு ஒரு பாட்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. எண்பது வயதுக்கு மேல் இருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ராப்போஜனம் குடும்மா" என்றார். திருவிருந்து என்ற புதுச் சொல்லெல்லாம் அவருக்குத் தெரியாது. நான் பைபிள் வாசித்தேன், ஜெபித்தேன், பாட்டுப் பாடினேன். அவர் கேட்டதை மட்டும் கொடுக்கவில்லை. கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அந்த மாதத் திருவிருந்துக்காகத் திராட்சை ரசம் காய்ச்சி வைத்திருந்தது நான்தான். என் வீட்டு அடுப்பில், என் கையால் காய்ச்சி, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, ஆலய பீரோவில் வைத்திருந்தேன். பீரோவின் சாவி என் இடுப்பில் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பாட்டி போய்விட்டார்.

தண்ணீர் வடிந்த பிறகு காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம். ஆயர் அன்று வேறொரு சபையில் இன்னொரு அடக்கத்தில் இருந்தார். போனில், "நீங்களே முடிச்சிடுங்கம்மா" என்றார். முடித்தேன். சேற்றில் நின்றுகொண்டு ஆராதனை முறைமையை முழுதாக வாசித்து, குழியில் முதல் மண்ணைப் போட்டேன். அடுத்த மாதம் பதிவேட்டைத் திறந்தபோது 'அடக்கம் நடத்தியவர்' என்ற கட்டத்தில் ஆயரின் பெயரும் கையெழுத்தும் இருந்தன. கேட்டேன். "இதுதானம்மா வழக்கம், இதுல என்ன இருக்கு?" என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

என்ன இருக்கிறது என்றுதான் சொல்ல வந்திருக்கிறேன். சபையின் பெயரை எழுதவில்லை, எந்தத் திருச்சபை என்றும் சொல்லப்போவதில்லை. எழுதினால் இது ஒரு ஆயரின், ஒரு கமிட்டியின் பிரச்சினையாகச் சுருங்கிவிடும். அவரை மாற்றல் செய்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். இதைப் படிக்கும் கிறிஸ்தவப் பெண்களில் எத்தனை பேர் "இது எங்க சர்ச் மாதிரியே இருக்கே" என்று நினைக்கிறீர்களோ, அத்தனை பேரின் சபையும் இதுதான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஆறு நாள் ஒரு கன்டெய்னர் யார்டில் பில்லிங் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சபை. ஆயர் மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார், திருவிருந்து அன்றுதான். மற்ற மூன்று ஞாயிறும் ஆராதனை நடத்துவது, பிரசங்கம் செய்வது, ஞாயிறு பள்ளி, நடுவில் துக்க வீடு, பிரசவ வீடு, குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடமிருந்து பிள்ளைகளோடு ஓடி வருகிறவளுக்கு ஓரிரவு இடம், எல்லாம் என்னுடையது. பதின்மூன்று வருஷமாக. ஆண்டறிக்கையில் என் பதவி: 'ஆராதனை உதவி'. யாருக்கு உதவி? வராதவருக்கு எப்படி உதவ முடியும்? சம்பளம் இல்லை. கிறிஸ்துமசுக்கு ஒரு புடவை, சபை நாளில் ஒரு பொன்னாடை. பெட்ரோல் என் காசு.

ஒரு குரு, பல சபைகள் என்ற ஏற்பாடு நகரத்தின் ஓரத்துக்குப் புதிதாக வந்ததல்ல, கிராமத்திலிருந்து வந்தது. மணலி புதுநகரில் தெற்கத்தி ஜனங்கள் நிறைய. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கமிருந்து வந்தவர்கள் இங்கே அய்யா வைகுண்ட தர்மபதியையும் கட்டினார்கள், தேவாலயங்களையும் கட்டினார்கள். ஊர்ப்பெயர்களோடு ஊர் வழக்கங்களும் லாரியேறி வந்தன. என் அம்மாவின் ஊர் சாத்தான்குளம் பக்கம். ஒரு சேகரம், அதற்குள் பத்துப் பன்னிரண்டு ஊர்கள், ஒவ்வோர் ஊரிலும் ஒரு சின்னக் கோயில், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஐயர். அந்தப் பக்கம் குருவானவரை அப்படித்தான் சொல்வார்கள். ஊருக்கு ஓர் உபதேசியார் இருந்து மணியடித்து, ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். இருநூறு வருஷமாக ஆங்கிலிக்கன் மிஷன்கள் அங்கே வளர்ந்தது ஐயர்மாரின் குதிரைச் சவாரியால் அல்ல, இந்த உபதேசிமாரின் கால்நடையால்தான்.

ஆனால் உபதேசியார் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். அம்மா சொல்வாள்: உபதேசியார் வயலுக்குப் போய்விடுவார், அந்த அம்மாதான் எங்களுக்கு அரிச்சுவடி சொன்னது, காய்ச்சலில் கிடந்தவர்களுக்குக் கஞ்சி எடுத்துப்போனது, பெண்டுகளைச் சேர்த்து ஜெபம் வைத்தது. அந்த அம்மாளின் பெயர் என்ன என்று ஒருமுறை கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "உபதேசியார் அம்மான்னுதான் கூப்பிடுவோம்" என்றாள்.

முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வி.எஸ். அசரியாவும் அந்த மண்ணில் பிறந்தவர்தான், வெள்ளாளன்விளைக்காரர். 1912-இல் இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கலின் பேராயரானார். அங்கே கிராம ஊழியர்களைப் பயிற்றுவித்தபோது மனைவிகளும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று வைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம், மறுக்கவில்லை. படிப்பறிவில்லாத பெண்களுக்கு எழுத்து வந்தது. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும்: ஓர் ஊருக்கு இரண்டு ஊழியர்கள், நியமனம் ஒருவருக்கு. பெண்ணின் உழைப்பு திருமணத்தோடு இலவச இணைப்பாக வந்தது. இன்றைக்கும் புதிய ஆயர் வருகிறார் என்றால் கமிட்டியில் முதலில் கேட்கும் கேள்வி, "அம்மா நல்லா ஊழியம் செய்வாங்களா?"

கணவன் இல்லாத பெண்களுக்கு 'பைபிள் உமன்' என்ற வேலை இருந்தது. ஆண் மிஷனரி நுழைய முடியாத வீடுகளுக்குள், சேரிகளுக்குள், அடுப்பங்கரைகளுக்குள் நடந்து போனவர்கள் இவர்கள். பலர் விதவைகள், தலித் பெண்கள். ஆயர் சம்பளத்தின் பக்கத்தில் வைக்கவே முடியாத கூலி. இவர்கள் பெயர்களை எந்தக் கல்வெட்டில் தேடுவது?

திருநெல்வேலியில் கல்வெட்டுக்கும் பதிவேட்டுக்கும் ஒரு விசேஷ வரலாறு உண்டு. பாளையங்கோட்டையில் 1780-இல் எழுதப்பட்ட முதல் சபைப் பட்டியலில் நாற்பது பேர். முதல் பெயர் ஒரு பெண்ணுடையது: கிளாரிந்தா. மராட்டியப் பிராமண விதவை. ஆங்கில அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தார் என்பதால் சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்திருந்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல்தான் கொடுத்தார். இந்தப் பெண் சபையைச் சேர்த்து, 1785-இல் திறக்கப்பட்ட கோயிலைக் கட்ட முன்நின்றார். பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே ஜனங்கள் சொன்னார்கள். குருப்பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. ஆனால் பட்டியலில் முதல் பெயர்.

இதைச் சொல்லிப் பெருமைப்படும் பிரசங்கங்களை நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு முழுப் பெருமை வருவதில்லை. கிளாரிந்தாவுக்குச் சாதியும் இருந்தது, கையில் காசும் இருந்தது. அதனால் பெயர் நின்றது. அவருக்குப் பின்னால் வந்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இரண்டும் இல்லை. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன்: 1780-இல் ஒரு பெண்ணின் பெயரை முதலில் எழுதத் தெரிந்த கை, 2021-இல் எங்கள் பதிவேட்டில் ஏன் தடுமாறியது?

'பகுதி நேர ஊழியம்' என்று நீட்டி முழக்குகிறவர்கள் உண்டு. முழுநேரம்தான் அர்ப்பணிப்பு, மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்பார்கள். நான் பகுதி நேரத்துக்கு எதிரி அல்ல. ஆறு நாள் யார்டில் டிரைவர்களோடும் கிளியரிங் ஏஜென்டுகளோடும் மல்லுக்கட்டுகிறவள் ஞாயிற்றுக்கிழமை பேசுவதில் ஓர் உப்பு இருக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் உரத் தொழிற்சாலைக்கும் நடுவில் குடியிருக்கும் சபைக்கு, ராத்திரி ஷிப்டு என்றால் என்னவென்று தெரிந்தவள் வேண்டும். பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தார் என்று எல்லாப் பிரசங்கியாரும் சொல்கிறார்கள். அதே அதிகாரத்தில், அப்போஸ்தலர் நடபடிகள் 18-இல், அவரோடு உட்கார்ந்து கூடாரம் தைத்தவர்களில் பிரிஸ்கில்லாள் என்ற பெண் இருக்கிறாள். கற்றறிந்த அப்பொல்லோவுக்குப் புருஷனோடு சேர்ந்து பாடம் சொன்னவள். அவளைப் பிரசங்கத்தில் கேட்ட ஞாபகம் உங்களுக்கு இருக்கிறதா?

ரோலண்ட் ஆலன் என்ற ஆங்கிலிக்கன் குரு, வட சீனாவில் மிஷனரியாக இருந்தவர், 1920-களிலும் 30-களிலும் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார். முழுநேரச் சம்பளக் குரு கிடைக்கும்வரை காத்திருப்பதால் ஊர் ஊராகச் சபைகள் திருவிருந்து இல்லாமல் பட்டினி கிடக்கின்றன. அங்கேயே தொழில் செய்து பிழைப்பவர்களுக்குக் குருப்பட்டம் கொடுங்கள் என்றார். இந்தியாவுக்கும் வந்து இதைப் பேசினார். அவர் காலத்தில் அவர் திருச்சபையில் குரு என்றால் ஆண்தான். ஆனால் அவருடைய வாதத்தை மணலி புதுநகருக்குக் கொண்டுவந்தால் அது என்னைப் போன்றவளின் முன்னால் வந்து நிற்கிறது. பாட்டி கேட்டபோது பட்டினி போட்டது யார்?

இங்கேதான் வேடிக்கை. பகுதி நேரக் குருக்கள் நம் திருச்சபைகளில் ஏற்கெனவே இருக்கிறார்கள். 'கௌரவ ஆயர்' என்று பெயர். வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை பார்ப்பவர், ஓய்வு பெற்றவர், இறையியல் படித்து அபிஷேகம் பெற்று ஞாயிறுகளில் சேவை செய்கிறார். நல்ல ஏற்பாடு. அவருக்கு அங்கி உண்டு, பலிபீடம் உண்டு, கையெழுத்து உண்டு. நான் பார்த்த கௌரவ ஆயர்கள் எல்லாரும் ஆண்கள். அதே ஞாயிறு, அதே சம்பளமில்லாமை. ஆண் செய்தால் கௌரவம், பெண் செய்தால் உதவி. பெண்களிடம் கேட்டால், "எனக்கென்ன தகுதி இருக்கு?" என்பார்கள். தகுதியில்லை என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, பணிவு என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டோம்.

பலிபீடத் துணியைத் துவைத்து இஸ்திரி போடுவது பெண்கள். பாத்திரம் துலக்குவது, பூ வைப்பது பெண்கள். எல்லாம் சனிக்கிழமை வரை. ஞாயிறன்று அதே பலிபீடத்தின் பக்கம் போனால், "அந்த நாள்ல எல்லாம் ஏறலாமா?" என்று காதுக்குள் கேட்கும் மாமிகள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். சனிக்கிழமை தரை துடைக்கும்போது எந்த நாள் என்று யாரும் கேட்டதில்லை.

பெண்கள் குருவாகக் கூடாது என்று சட்டம் ஏதும் இருக்கிறதா? தென்னிந்தியத் திருச்சபையை எடுத்துக்கொண்டால், இல்லை. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிடீரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் உருவான திருச்சபை அது. 1980-களில் குருப்பட்டம் பெற்ற புஷ்பலலிதா 2013-இல் நந்தியால் பேராயரானார். அத்திருச்சபையின் முதல் பெண் பேராயர். இங்கிலாந்துத் திருச்சபை தன் முதல் பெண் பேராயரை அபிஷேகம் செய்தது அதற்கும் பின்னால், 2015-இல்தான். ஆகவே வெள்ளைக்காரனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயமல்ல இது. அங்கே 1992-இல் வாக்கெடுத்து 1994-இல்தான் பெண்களுக்குக் குருப்பட்டமே கொடுத்தார்கள். கொடுத்த பிறகு என்ன ஆனது தெரியுமா? சம்பளமில்லாமல் பணிபுரியும் குருக்களில் பாதிக்கு மேல் பெண்கள். கிராமத்துச் சபைகளுக்கு 'வீட்டுக்குப் பதில் வேலை' என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்: குடியிருக்க வீடு, அதற்குப் பதிலாக ஞாயிறும் வாரத்தில் இரண்டு நாளும் ஊழியம், சம்பளம் கிடையாது. குருப்பட்டம் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கும் தங்கைகளுக்காக இதைச் சொல்கிறேன். அங்கி கிடைத்த பிறகும் கூலிக் கேள்வி அப்படியே நிற்கும்.

ஆங்கிலிக்கன் உலகின் முதல் பெண் குருவின் கதையும் வெள்ளக் கதை மாதிரிதான். ஃபுளோரன்ஸ் லீ டிம்-ஓய். போர்க்காலம், ஜப்பானிய ஆக்கிரமிப்பு. மக்காவ் சபைக்குக் குருமார் போய்வர முடியவில்லை. அங்கே அகதிகள் குவிந்து கிடந்தார்கள். தனியாக அந்தச் சபையைத் தாங்கியவர் இந்தப் பெண். 1944 ஜனவரி 25 அன்று ஹாங்காங் பேராயர் ரொனால்ட் ஹால் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். போர் முடிந்தது, பாதை திறந்தது. ஆண்கள் வர முடியும் என்றானதும் இந்தப் பட்டம் பெரிய பிரச்சினையாகிவிட்டது. 1946-இல் அவர் தன் உரிமத்தை ஒப்படைத்துவிட்டார். தண்ணீர் நிற்கும்வரை நாம் குரு, வடிந்ததும் உதவி.

கூலி என்றதும் முகம் சுளிப்பார்கள். "ஊழியத்துக்குக் காசு கேக்கலாமா சிஸ்டர்?" இதை என்னிடம் கேட்டவர் மாதாமாதம் சம்பளம், வீட்டு வாடகை, வண்டிப் படி வாங்குகிறவர். ஊழியம் என்பதால் அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். பிள்ளை குட்டி இருக்கிறவர். எனக்கும் இருக்கிறது.

இந்தச் சொல் விளையாட்டு சர்ச்சுக்கு மட்டும் சொந்தமல்ல. எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சரைக் கேளுங்கள். 1975-இல் திட்டம் தொடங்கியதிலிருந்து அங்கன்வாடிப் பெண்கள் 'கௌரவப் பணியாளர்கள்', வாங்குவது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு, அந்த மதிப்பூதியமும் ஊதியம்தான் என்று தீர்ப்புச் சொன்னது. நாற்பத்தேழு வருஷம் ஆயிற்று, கௌரவம் என்ற சொல்லின் பின்னால் ஒரு தொழிலாளி இருக்கிறாள் என்று ஒப்புக்கொள்ள. பெண்ணின் வேலைக்கு எப்போதெல்லாம் பூமாலை போடுகிறார்களோ அப்போதெல்லாம் சம்பளப் பட்டியலை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்ணிய வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழி கேட்டாள்: "இவ்வளவு தெரிஞ்சும் ஏன் அங்க இருக்கே? வெளிய வந்துடேன்." நல்ல கேள்விதான். நான் வெளியே வந்தால், அடி வாங்கிக்கொண்டு ராத்திரி கதவைத் தட்டுகிறவள் எங்கே போவாள்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் கச்சா எண்ணெய் படர்ந்தபோது, கால் புண்ணாகிப்போன மீனவப் பெண்களுக்கு மருந்து வாங்கிக் கொடுக்க எங்கள் பெண்கள் சங்கம்தான் போனது. அந்தச் சங்கத்தைக் கட்டியது பெண்கள். அதை விட்டுவிட்டுப் போக வேண்டியவர்கள் நாங்கள் இல்லை.

என் பக்கத் தப்பையும் சொல்ல வேண்டும். பதின்மூன்று வருஷம் நான் எதுவும் கேட்கவில்லை. புடவையை வாங்கிக்கொண்டேன். சபை நாளில் டீ ஊற்ற யாரைக் கூப்பிட்டேன்? பையன்களை அல்ல. போன வருஷம் இறையியல் படிக்க ஆசைப்பட்ட ஒரு பெண்ணிடம், "முதல்ல ஒரு வேலைய பாத்துக்கோ" என்றேன். அவள் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்து இப்போது ஒரு மனு எழுதியிருக்கிறோம். சபை நடத்துகிறவருக்கு எழுத்தில் நியமனம், எத்தனை நாள் வேலையோ அத்தனை நாளுக்கு ஊதியம், போக்குவரத்துச் செலவு. சேகரக் கமிட்டியில் வாக்குரிமையோடு இடம். பகுதி நேரக் குருப்பட்டத்துக்குப் பெண்களைத் தேடிப் பரிந்துரைப்பது, படிக்கும் செலவைச் சேகரம் ஏற்பது. அதுவரை, ஆபத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்க, ஆயர் ஆசீர்வதித்த திருவிருந்தை எடுத்துச் செல்ல எங்களுக்கு அனுமதி. கடைசியாக, பதிவேட்டில் யார் நடத்தினார்களோ அவர்கள் பெயர்.

கடைசி ஒன்றைத்தான் கமிட்டி முதலில் எதிர்த்தது. பணம்கூடப் பார்க்கலாம், பதிவேட்டைத் தொட வேண்டாம் என்கிறார்கள். பழைய பக்கத்தைத் திருத்தினால் நாளைக்குச் சொத்துத் தகராறில் சிக்கல் வரும் என்று செயலாளர் சொன்னார். நான் திருத்தச் சொல்லவில்லை, ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதச் சொல்கிறேன் என்றேன். மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாகத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். பாட்டியின் அடக்கத்திலிருந்து ஆரம்பித்து, நடத்தியதையெல்லாம் தேதி போட்டு எழுதிவருகிறேன். பக்கத்துச் சபையிலிருந்து ஓர் அக்கா போன வாரம் போன் செய்தார். அவரும் ஒரு நோட்டு வாங்கிவிட்டாராம். எந்தெந்தக் கட்டம் போட வேண்டும் என்று கேட்டார்.